மனிசி மட்டக்களப்பால வாறதுக்குள்ள கராஜ திருத்தி முடிக்கிறது எப்பிடி

முதல் ஒண்டு சொல்லிப்போடுறன், இது வாகனம் திருத்துற கராஜ் இல்ல, கார் விடுறதுக்கு எண்டு வீட்டோட சேத்துக் கட்டி கடைசியில உடைஞ்ச கதிரை, பழைய சைக்கிள், பாதி காஞ்ச பெயின்ற் வாளி எல்லாம் குவிஞ்சு கிடக்குமே அந்தக் கராஜ். எங்கட கார 2022ல வித்துட்டம். சீனக்குடாவில அவ்வளவு எண்ணெய்த் தாங்கி நிக்கிற திருகோணமலையில நாங்க ராத்திரி ராத்திரியா பெற்றோல் வரிசையில நிண்டு களைச்சு, இனி இது சரிவராது எண்டு குடுத்தது. அண்டைக்கு காலியான இடம் ஒரு கிழமைகூட காலியா இருக்கல்ல, வீட்டில எங்க வைக்கிறது எண்டு தெரியாத சாமான் எல்லாம் அங்கதான் போச்சு.

மனிசி தையல். பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபோம், சின்னப் பிள்ளையளுக்கு சட்டை. மெசின் ஹோலில, துணி வெட்டுறது நிலத்தில குந்தி இருந்து, ஆராவது வந்தா எல்லாத்தையும் அள்ளி அறைக்குள்ள எறியிறது, பின்னேரம் ஆனா நாரி நோகுது எண்டு எண்ணெய் தேய்க்கிறது. அவ ஒரு நாளும் தனி அறை கேக்கல்ல. அதாலதான் கராஜ அவவுக்குத் தெரியாம ஒரு தையல் அறையா மாத்துவம் எண்டு எனக்கு யோசனை வந்தது, அவட தங்கச்சிக்கு பிள்ளை பிறக்குது எண்டு மட்டக்களப்புக்கு 12 நாள் போகப்போறா எண்டதும் முடிவு எடுத்துட்டன். நான் விட்ட பிழைய நீங்களும் விடாம இருக்கிறதுக்காக வரிசையாச் சொல்லுறன், வரிசை கொஞ்சம் முன்னப்பின்ன போனா மன்னிக்கணும்.

முதல் வேலை மேசன்ட போறது இல்ல, வீட்டில இருந்து பாக்கிறது. ரெண்டு கிழமை வாயத் திறக்காம பாருங்க. எந்த நேரம் தைக்கிறா, வெளிச்சம் எந்தப் பக்கத்தால எடுக்கிறா, கத்தரிக்கோல் எந்தக் கை, அயன் பண்ணுற மேசை எங்க, எதத் தேடி அடிக்கடி எழும்புறா. கொப்பியில எழுதி வைங்க, போனில வேணாம், போன் எல்லார்ட கையிலயும் போகும். பிறகு உயரம். தைக்கிற மேசை 28 இருந்து 30 இஞ்சி, அது மெசினோட வந்த மேசையிலயே சரியா இருக்கும். வெட்டுற மேசைதான் முக்கியம், அது நிண்டுகொண்டு வெட்டுறதுக்கு. ஆள் நிமிந்து நிண்டு முழங்கைய மடக்கினா அந்த முழங்கைக்கு 3, 4 இஞ்சி கீழ மேசை வரணும். அளவு நாடாவோட போய் நிண்டா பிடிபடுவீங்க, அதால குசினியில அவ தேங்காய் திருவிக்கொண்டு நிக்கேக்க முழங்கை சுவரில எந்த ரைல்ஸ் வரிசைக்கு நேர வருது எண்டு பாத்து வச்சு பிறகு அளந்தன். எங்களுக்கு 36 இஞ்சி வந்தது. நீளம் 6 அடி, அகலம் 3 அடி இருந்தா துணிய இரட்டையா மடிச்சு விரிக்கலாம்.

இப்ப நாள் கணக்கு. 12 நாள்ல ஒரு கராஜ முழுசாத் திருத்த ஏலாது. ஆக்கள் பெயின்ற்தான் பெரிய வேலை எண்டு நினைக்கிறது, பெயின்ற் ரெண்டு நாள். பிரச்சினை ஈரம். புதுசா சீமெந்து பூசின சுவர் காய ஒரு மாசம் விடணும், அதுக்கு முதல் பெயின்ற் அடிச்சா கொப்பளிச்சு உரிஞ்சு விழும். ஆனபடியா வேலைய ரெண்டாப் பிரிங்க. ஒழுக்கு, சுவர், தரை, இந்த ஊத்தை வேலை எல்லாம் அவ வீட்டில இருக்கேக்கயே, அவவுக்குத் தெரியவே செய்யுங்க. "மழைக்கு முதல் கராஜ் ஒழுக்கு பாக்கணும்" எண்டு சொன்னா எந்த மனிசியும் சந்தேகப்படமாட்டா, நாலு வருசமாச் சொன்னத இப்பவாவது செய்யிறீங்களே எண்டு தேத்தண்ணி வேற வரும். அது பொய்யும் இல்ல. பிறகு ஒரு மாசம் பேசாம விடுங்க, அவ பாட்டுக்கு மறந்துடுவா. லைற், ஜன்னல் கதவு, பெயின்ற், மேசை இதுகள் மட்டும் அந்த 12 நாளுக்குள்ள.

காலமும் பாக்கணும். ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு துவங்காதீங்க, வடகீழ் மழை பிடிச்சா எங்களுக்கு நவம்பர் டிசம்பரில சுவர் காயவே காயாது. மே துவங்கி ஓகஸ்ட் வரைக்கும் நல்லது, ஆனா அப்ப கச்சான் எண்டுற தென்மேல் காத்து அடிக்கும். அந்தக் காத்து ஊருக்குத் தெரியும், பகல்ல வாயத் திறந்தா தொண்டை காயும். பூசின சீமெந்தும் அப்பிடித்தான், மேலால கெதியாக் காஞ்சு தலைமயிர் மாதிரி வெடிப்பு வரும். காலையிலயும் பின்னேரமும் தண்ணி தெளிச்சு ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு கிழமை வச்சிருங்க. மேசன் "தேவையில்ல ஐயா" எண்டுவார். அவர் போனாப் பிறகு நீங்க தெளியுங்க. வாளியில தண்ணி பிடிச்சு வச்சுட்டு மறக்காதீங்க, டெங்குக்காரர் வந்தா வேற கதை.

இப்ப உப்பு. எங்கட வீட்டுச் சுவரில அடியில இருந்து ரெண்டு அடி வரைக்கும் வெள்ளையா மாவு மாதிரிப் பூத்து பெயின்ற் பொரிஞ்சு நிக்கும், உப்புவெளி நிலாவெளிப் பக்கம் இருக்கிறவைக்கு இன்னும் கூட இருக்கும். ஆக்கள் செய்யிறது என்னெண்டா ஹோசால கழுவி விட்டுட்டு மேலால புட்டி பூசுறது. கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப சுவருக்குள்ள போகும், தண்ணி காயேக்க திரும்ப வெளிய வரும், நீங்க பட்ட பாடு வீண்தான். காஞ்ச தூரிகையால, இல்லாட்டி வயர் பிரஷால தட்டி, கூட்டி, அள்ளி வெளிய போடுங்க. பொருமிப்போன பூச்ச எல்லாம் கொத்தி எடுங்க, விரலால தட்டினா வெறும் சத்தம் கேக்கிற இடம் எல்லாம். பிறகு ஈரம் எங்கால வருது எண்டு பாருங்க. எங்களுக்கு வெளிப்பக்கம் பூச்சாடிக்கு ஊத்துற தண்ணி சுவரோட தேங்கி நிண்டது, அவ்வளவுதான், அத மாத்த ஒரு சதமும் செலவில்ல. திரும்பப் பூசேக்க கடற்கரை மண்ண ஆரும் சும்மா தாறன் எண்டாலும் வாங்காதீங்க, ஆத்து மணல், சீமெந்து ஒண்டுக்கு மணல் அஞ்சு. கையில அள்ளி நாக்கு நுனியில வச்சுப் பாருங்க, சிரிக்காதீங்க, உப்பு மணல் நாக்குக்குத் தெரியும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் எண்டா இந்த இடத்தில நிண்டு வாசிங்க. அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா பிறகு வெளிய வாறதில்ல, வருத்தம் வர இருபது முப்பது வருசம் எடுக்கும், அதாலதான் ஆரும் கணக்கெடுக்கிறதில்ல. பாசி பிடிச்சிருக்கு எண்டு வயர் பிரஷால தேய்க்கவோ பிரஷர் வோட்டர் அடிக்கவோ கூடாது. துளை போடவேணும் எண்டா இடத்த நனைச்சு, கையால துளைக்கிற கருவியால, மூக்குக்கு நல்ல மாஸ்க் போட்டு, விழுந்தத ஈரத் துணியால துடைச்சு அந்தத் துணிய பையில கட்டி எறியணும். வெடிச்ச சீற்ற உடைச்சு இறக்காதீங்க, முழுசா இறக்குங்க. ஆணி இருக்கிற இடத்து றப்பர் வளையம் போனதுதான் எங்கட ஒழுக்குக்கு முக்காவாசிக் காரணம், அத மாத்தினதும் நிண்டுட்டுது. வெக்கைக்கு கீழால சில்வர் ஃபொயில் இழுத்து அதுக்குக் கீழ சீலிங் அடிச்சன். காசு போதாட்டி சீலிங்க விடுங்க, ஃபொயில விடாதீங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போய் நிண்டு பாத்தா ஏன் எண்டு விளங்கும்.

சுவர உடைச்சு ஜன்னல் வைக்கிறது எண்டா மேலால லின்ரல் (சுவர்ப் பாரம் தாங்குற குறுக்கு வளை) போடணும், அது ரெண்டு பக்கமும் 6 இஞ்சியாவது சுவரில ஏறி இருக்கணும். வெளிச்சுவர், உயரம், கூரை மாத்துறது எண்டா உள்ளூராட்சி சபையில கேட்டுட்டுச் செய்யுங்க. மற்றது நல்ல நேரம். நான் நம்புற ஆள் இல்ல. ஆனா வந்து பாத்ததும் அவ கேக்கப்போற முதல் நாலு கேள்வியில ஒண்டு "ராகுகாலத்திலயா துவங்கினீங்க" எண்டது, அதுக்கு மறுமொழி கையில இருக்கணும்.

இனி சாமான். இதிலதான் நான் பெரிய பிழை விடப் பாத்தன்.

கராஜ ஒதுக்கேக்க எல்லாம் குப்பையாத்தான் தெரியும். பழைய இரும்பு போத்தில் எடுக்கிற ஓட்டோ ரோட்டில கத்திக்கொண்டு போச்சு, நானும் கூப்பிட்டுட்டன், சைக்கிள் சட்டம், உடைஞ்ச ஃபேன், ஒரு துருப்பிடிச்ச தகரப்பெட்டி, எல்லாம் ஏத்தியாச்சு. மகள் ஓடி வந்து "அப்பா அது அம்மம்மாட பெட்டி" எண்டா. 1990ல சண்டைக்குப் பயந்து ஊர விட்டு ஓடேக்க மாமி தலையில வச்சுக்கொண்டு போன பெட்டி. எனக்கு அந்தக் கதை தெரியும், பத்துத் தரம் கேட்டிருக்கிறன், ஆனா அந்தப் பெட்டி இந்தப் பெட்டிதான் எண்டு தெரியாது. முந்நூறு ரூபாய்க்குக் குடுத்த பெட்டிய அறுநூறு குடுத்துத் திருப்பி இறக்கினன், அந்தாளும் விளங்கிக்கொண்டுதான் விலை சொன்னார். ஆகவே, உங்கட சாமான நீங்க எறியுங்க. அவட சாமான், அவட அம்மாட சாமான், ஆற்ற எண்டு தெரியாத சாமான், மூண்டையும் தொடாதீங்க. பெட்டியில போட்டு மேல எழுதி ஒரு மூலையில அடுக்குங்க, எறியிறதா வைக்கிறதா எண்டு அவ வந்து சொல்லட்டும். ரகசியம் வேலையில இருக்கலாம், இதில இருக்கக் கூடாது.

வயரிங் நீங்களாச் செய்யாதீங்க, லைசன்ஸ் உள்ள ஆளப் பிடிங்க. ஆனா என்ன கேக்கிறது எண்டு தெரிஞ்சிருக்கணும். அயன் ஆயிரம் வோட்டுக்கு மேல இழுக்கும், ஆனபடியா பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 13 அம்பியர் பிளக். எக்ஸ்டென்சன் வயரில அயன் பண்ணுற பழக்கம் இதோட முடியட்டும். கராஜுக்குப் போற லைன், கரண்ட் கசிஞ்சா தானா விழுற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குள்ளால போகுதா எண்டு பாருங்க, அதில ரெஸ்ற் பட்டன் ஒண்டு இருக்கும், மாசம் ஒருக்கா அமத்தி விழுதா எண்டு பாக்கணும். வெளிச்சத்துக்கு 4 அடி எல்ஈடி குழாய் ரெண்டு, வெள்ளை வெளிச்சம். மஞ்சள் லைற் வடிவா இருக்கும் எண்டு கடைக்காரர் தருவார், அதில நேவி நூலும் கறுப்பு நூலும் ஒரே நிறம், தைச்சு முடிஞ்சு விடியப் பாத்தாத்தான் தெரியும். குழாய முதுகுக்குப் பின்னால மாட்டினா அவட நிழலே துணியில விழும், முன்னுக்கு இடப்பக்கமா மாட்டுங்க. ஊசிக்கு மேல தனியா ஒரு சின்ன லைற்.

தரையப் பத்திப் பெரிசா ஒண்டும் இல்ல. எண்ணெய்க் கறைக்கு மரத்தூள் இல்லாட்டி சீமெந்துத் தூள் கொட்டி ஒரு இரவு விட்டுக் கூட்டினா பாதி போகும், மிச்சத்துக்கு சலவைத்தூள் போட்டு உரஞ்சுங்க. வெடிப்ப அகலமாக் கொத்தி நிரப்புங்க. வாசல் பக்கம் சரிவு மீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டர். ரைல்ஸ் போட ஆசை வரும், எங்களிட்ட ஸ்கூட்டி மட்டும்தான் எண்டாலும் நான் போடல்ல, சிவப்பு சீமெந்து போட்டு பொலிஷ் பண்ணினன், குண்டூசி விழுந்தா சிவப்பில உடன தெரியும். ஸ்கூட்டி வாசலோட நிக்கட்டும், உள்ள வச்சு ஸ்ராட் பண்ணி கதவச் சாத்தி விடாதீங்க, அந்தப் புகையில இருக்கிற நச்சுவாயு மணக்காமலே ஆளக் கொல்லும்.

இரும்புக்கு உப்புக்காத்து எமன். சட்டர், கிறில் எல்லாத்தையும் துரு போகுமட்டும் தேய்ச்சு அண்டைக்கே துருவத் தடுக்கிற ரெட் ஒக்சைட் அடிங்க, நாளைக்கு எண்டு விட்டா விடியத் திரும்ப துரு வந்து நிக்கும், அதுக்கு மேல எனாமல் ரெண்டு தரம். திருகாணி ஸ்ரெயின்லஸ் வாங்குங்க, விலை கூடத்தான். பலகைக்கு, கடையில காட்டுற அந்தத் தூள் அமத்தின பலகைய எடுக்காதீங்க, எங்கட மாரிக்கு அது பாணுக்கு தண்ணி ஊத்தின மாதிரி ஊதும். ஓடாவி ஒருத்தரப் பிடிச்சு வேம்புப் பலகையில மேசை அடிச்சன், கறையான் லேசில தொடாது, துணியில கறை பிடிக்காம இருக்க மேலால வார்னிஷ் மூண்டு கோட்.

பெயின்ற் எவ்வளவு வாங்குறது எண்டு கணக்குப் போட்டுட்டுப் போங்க, கடையில நிண்டு யோசிச்சா கூடத்தான் தருவினம். எங்கட கராஜ் 18 அடிக்கு 10 அடி, சுவர் 8 அடி உயரம். நாலு சுவரும் சுத்தி 56 அடி, எட்டால பெருக்கினா 448 சதுர அடி, சட்டர் வாசல் கழிச்சா கிட்டத்தட்ட 385, அதாவது 36 சதுர மீட்டர். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீட்டர் போகும், ரெண்டு கோட் எண்டா 7 லீற்றர் சொச்சம், 4 லீற்றர் டின் ரெண்டு போதும். அதுக்கு முதல் சீமெந்தில இருக்கிற காரத்த (அல்கலி) தாங்குற பிரைமர் ஒரு கோட் கட்டாயம். நிறம்? அவட பழைய சாரியில எது கூட இருக்கு எண்டு அலுமாரியத் திறந்து பாருங்க. எங்களுக்கு மாங்காய்ப் பச்சை. ஆனா சுவர் முழுக்க அடிச்சா வெட்டுற துணியில பச்சை வெளிச்சம் அடிக்கும், அதால பின்சுவருக்கு மட்டும் பச்சை, மிச்சம் வெள்ளை.

ரகசியம் காக்கிறதுதான் சீமெந்தை விடக் கஸ்டம். வீடியோ கோல் வரேக்க எப்பவும் ஒரே கதிரையில ஒரே சுவருக்கு முன்னால இருந்து கதைங்க, தலைமயிரில பெயின்ற் இருக்கா எண்டு முதல் பாருங்க. கையாளுக்கு மத்தியானச் சாப்பாடு கடையில எடுக்கிறீங்க எண்டா பார்சல் கடதாசிய எரிச்சுடுங்க. பக்கத்து வீட்டு அக்காட்ட ஒளிக்காதீங்க, ஒளிச்சா அவ அண்டைக்கே மட்டக்களப்புக்கு கோல் எடுத்து "உங்கட வீட்டில ஆக்கள் வந்து போகினம், என்ன சங்கதி" எண்டு கேப்பா. நானே போய், அக்கா நீங்கதான் இதுக்குப் பொறுப்பு, திரைச்சீலைத் துணி எடுத்துத் தாங்க எண்டு கேட்டுட்டன், 12 நாளும் மூச்சு விடல்ல. காசு ஒரே கணக்கில இருந்து எடுக்காதீங்க, நான் சீட்டுக் காச ஒதுக்கி வச்சிருந்தன். நாங்க மான் திரியிற கோட்டைக்குக் கிட்ட எண்டதால இன்னொரு தொல்லை, ஒரு நாள் சட்டரத் திறந்து வச்சுட்டு தேத்தண்ணிக்குப் போட்டு வந்தா உள்ள மான் ஒண்டு நிண்டு லைற் வந்த அட்டைப்பெட்டிய மெண்டுகொண்டு நிக்குது. மகள் அத போட்டோ எடுத்து அம்மாக்கு அனுப்பிட்டா. பின்னால பச்சைச் சுவர் ஒரு துண்டு தெரியுது. எங்க இது எண்டு கேட்டா, பக்கத்து வீட்டில எண்டு சமாளிச்சம், நல்ல காலம் மானத்தான் பாத்தவ.

மற்றது, வாற நாள நம்பாதீங்க. முந்தி மட்டக்களப்பு ரோட்டில இழுவைப்பாதைக்கு காத்து நிண்டு காத்து நிண்டு வாறதுக்கு ஒரு நாள் போகும், 2009ல கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் திறந்தாப் பிறகு காலையில வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நிப்பினம். ஆனபடியா கடைசி ரெண்டு நாள சும்மா விடுங்க, ஜன்னலத் திறந்து வச்சு பெயின்ற் மணம் போறதுக்கும் ஆகும். எங்கட ஆள் ஒரு நாள் முந்தித்தான் வந்தவ.

கண்ணக் கட்டிக் கூட்டிக்கொண்டு போற வேலை எல்லாம் வேணாம், பஸ்ஸில இருந்து களைச்சு வந்த மனிசி. குளிச்சு சாப்பிட்டாப் பிறகு, பகல் வெளிச்சத்தில, ஸ்கூட்டிய எடுத்துத் தாங்க எண்டு திறப்பக் குடுத்து அனுப்பினன். சட்டர் ஏறுற சத்தம் கேட்டது, பிறகு ஒரு சத்தமும் இல்ல. நான் பின்னால போய் நிண்டன். அவ முதல் பாத்தது மேசைய இல்ல, மூலையில இருந்த தகரப்பெட்டிய. பிறகு மேசையில கைய வச்சு முழங்கைய மடக்கிப் பாத்தா. பிறகு ராகுகாலம் கேட்டா. பிறகு அயன் பிளக்கப் பாத்துட்டு, "இது ஏன் வலப்பக்கம் இருக்கு, நான் இடக்கையாலதானே அயன் பண்ணுறன்" எண்டா.

நான் ரெண்டு கிழமை பாத்து கொப்பியில எழுதினது கத்தரிக்கோல் பிடிக்கிற கைய. கத்தரிக்கோல் கூடுதலா வலக்கைக்குத்தான் செஞ்சு வருது, இடக்கைக்காரரும் கனபேர் சின்னனில இருந்து அத வலக்கையாலதான் பழகுவினம், அத வச்சு ஒண்டும் முடிவு எடுக்கக் கூடாது. அயன் பிடிக்கிற கையப் பாருங்க. இல்லாட்டி பூசுறதுக்கு முதல் வயர் போற குழாய் போடேக்க மேசைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிளக் பெட்டி இறக்கிவிட்டா வயர் செலவு கொஞ்சம்தான் கூடும். எனக்கு அடுத்த சனிக்கிழமை வயரிங் தம்பிய திரும்பக் கூப்பிட்டு, புதுப் பச்சைச் சுவருக்கு மேலால வயர மூடுற வெள்ளை கேசிங் இழுக்கவேண்டி வந்தது, அது இப்பவும் தெரியுது.